கெர்னல் கோடில் கமென்டைத் திருத்தி பேட்ச் அனுப்பலாமா?

கேள்வி: இன்ஜினியரிங் இறுதி ஆண்டு படிக்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒரு பேட்சாவது, அதாவது கோடுக்கான ஒரு திருத்தமாவது, அனுப்ப வேண்டும் என்று ஆசை. ஒரு நெட்வொர்க் டிரைவரைப் படித்தபோது, அதிலுள்ள கமென்ட்கள் (கோடுக்கு நடுவே எழுதும் விளக்கக் குறிப்புகள்) கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம் சொல்லும் வடிவத்தில் இல்லை என்று கவனித்தேன். எல்லாவற்றையும் ஒரே பேட்சில் சரிசெய்து அனுப்பலாமா? கமென்டை மாற்றுவதால் எதுவும் கெட்டுப்போகாது, இல்லையா? கட்டணம் கட்டினால் உறுதியாக ஒரு பேட்ச் கெர்னலில் ஏறும் என்று ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. சேரலாமா?

பதில்: கமென்ட் வடிவத்துக்காக அந்த நெட்வொர்க் டிரைவரில் கை வைக்காதீர்கள். அந்தப் பயிற்சி மையத்திலும் சேராதீர்கள். ஆனால் பேட்ச் அனுப்பும் ஆசையை விட வேண்டியதில்லை. அதற்குச் சரியான இடம் வேறு இருக்கிறது.

முதலில் நீங்கள் கவனித்த வடிவ விஷயம். கெர்னலின் பொது விதிப்படி, பல வரி கமென்டில் /* என்ற தொடக்கக் குறி தனி வரியில் நிற்கும். அடுத்த வரிகள் ஒவ்வொன்றும் ஒரே நேர்க்கோட்டில் * குறியோடு தொடங்கும். */ என்ற முடிவுக் குறியும் தனி வரியில் வரும். நெட்வொர்க் பகுதிக்கு மட்டும் பல ஆண்டுகளாக வேறு வழக்கம் இருந்தது. அங்கே தொடக்கக் குறிக்குப் பக்கத்திலேயே, அதே வரியில், வாசகம் ஆரம்பித்துவிடும். இந்த வழக்கத்தை 2016-இல், கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகத் திட்டினார். அப்படியும் அது நீடித்தது. 2024-இல்தான் நெட்வொர்க் மெயின்டெய்னர்கள், அதாவது அந்தப் பகுதியைப் பராமரித்து பேட்ச்களை ஏற்பவர்கள், அந்தத் தனி விதியைக் கைவிட்டார்கள்.

விதி போய்விட்டதே, அப்படியானால் பழைய கமென்ட்களை எல்லாம் புதிய வடிவத்துக்கு மாற்றலாமே என்று தோன்றும். கூடாது. விதி போனதால் புதிதாக எழுதுபவருக்குத் தனி வழக்கத்தைப் பின்பற்றும் கட்டாயம் போனது, அவ்வளவுதான். பழையதைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்னும் சொன்னால், வேறு வேலையின் பகுதியாக இல்லாமல் தனியாக வரும் இந்த மாதிரி ஒழுங்குபடுத்தும் பேட்ச்களை ஊக்குவிப்பதில்லை என்று நெட்வொர்க் பகுதியின் ஆவணமே சொல்கிறது. அதே ஆவணம் எழுத்துப் பிழை, இலக்கணப் பிழைத் திருத்தங்களுக்கு அந்தத் தடை இல்லை என்றும் சொல்கிறது. ஆக, அதே டிரைவரில் ஒரு கமென்டின் வடிவத்தை மட்டும் மாற்றினால் வேண்டாம் என்பார்கள். அதிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்தினால் பார்ப்பார்கள். பொது விதி ஒரு கோப்பில், ஒவ்வொரு பகுதியின் வழக்கமும் வேறொரு கோப்பில் என்று கிடப்பதால், புதிதாக வருபவர்கள் விதியை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தும் திட்டு வாங்குகிறார்கள். இதை ஒரே இடத்தில் தெளிவாக எழுதி வைத்திருக்கலாம்.

மெயின்டெய்னர்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று, கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் வரலாற்றில் தேடினால், உண்மையில் எழுதியவருக்குப் பதிலாக உங்கள் திருத்தம் முதலில் வந்து நிற்கும். பிழைத் திருத்தம் ஒன்றைப் பழைய நிலையான (ஸ்டேபிள்) பதிப்புகளுக்குக் கொண்டுபோகும்போது, நடுவில் நீங்கள் அசைத்த வரிகள் மோதும். அந்தச் சிக்கலை அவிழ்ப்பவர் வேறொருவர்.

எதுவும் கெட்டுப்போகாதா என்று கேட்டீர்கள். கம்பைலர் கமென்டைப் படிப்பதில்லை, உண்மைதான். ஆனால் வேறு கருவிகள் படிக்கின்றன. /** என்று இரண்டு நட்சத்திரத்தோடு தொடங்கினால் அது ஆவணம் உருவாக்கும் கருவிக்கானது. சாதாரண கமென்டை அழகுக்காக அப்படி மாற்றினால் அந்தக் கருவி எச்சரிக்கைகளாகக் கொட்டும். கோப்பின் முதல் வரியிலுள்ள உரிமக் குறிப்பும் கமென்ட் போலத்தான் இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். முழுக் கோப்பையும் ஃபார்மேட் செய்யும் கருவியிடம் கொடுத்துவிட்டு வந்ததை அப்படியே அனுப்பும் பழக்கமும் வேண்டாம். வன்பொருளின் ரிஜிஸ்டரில் எந்த பிட் எங்கே இருக்கிறது என்று கமென்டில் யாரோ பொறுமையாகக் கோடு போட்டு வரைந்த படம் ஒரு நொடியில் கலைந்துவிடும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, உருவான கோப்புகளை ஒப்பிடுங்கள். வரி எண்ணிக்கை மாறியிருந்தால் உள்ளே பதிவாகும் வரி எண்கள் நகரலாம். இயந்திரக் கட்டளைகளே மாறியிருந்தால் கமென்டைத் தாண்டி எதையோ தொட்டிருக்கிறீர்கள்.

சரி, எங்கே அனுப்புவது? கெர்னலில் டிரைவர்ஸ்/ஸ்டேஜிங் என்ற அடைவு உண்டு. தரம் இன்னும் போதாத டிரைவர்கள் அங்கே இருக்கின்றன. கிரெக் குரோவா-ஹார்ட்மன் பராமரிக்கும் அந்தப் பகுதியில் இந்த மாதிரி ஒழுங்குபடுத்தும் பேட்ச்களை வாங்கிக்கொள்கிறார்கள். அங்குள்ள ஒரு டிரைவரில், ஸ்டைல் குறைகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டி, அது காட்டுவதில் ஒரே ஒரு வகைக் குறையை மட்டும் எடுங்கள். கமென்ட் வடிவம் என்றால் அது மட்டும்தான், பக்கத்தில் கண்ணில் பட்ட ஸ்பேஸ் பிழைக்கு வேறு பேட்ச். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். பேட்ச் மெயிலில்தான் போகும், அனுப்ப கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையைப் பயன்படுத்துங்கள். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டினால் டேப்கள் ஸ்பேஸாக மாறி பேட்ச் பயனற்றுப் போகும். ஒரு மெயிலை ஒழுங்காக அனுப்பக் கற்பதற்கே புதியவர்களுக்கு நாள்கணக்கில் போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் இன்றைக்கு வழி அதுதான்.

இப்போது அந்தப் பயிற்சி மையம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பேட்சை ஏற்பதா வேண்டாமா என்பது மெயின்டெய்னரின் முடிவு. அதை வெளியில் இருக்கும் யாரும் உறுதியளிக்க முடியாது. இப்படி உறுதி தருபவர்கள் செய்யக்கூடியது, தாங்களே ஒரு கமென்ட் திருத்தத்தைத் தயார் செய்து மாணவர் பெயரில் அனுப்ப வைப்பதுதான். பேட்சின் அடியில் வரும் சைன்ட்-ஆஃப்-பை வரி வெறும் சம்பிரதாயம் இல்லை. இந்த வேலை என்னுடையது, அல்லது இதைச் சமர்ப்பிக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் தரும் சான்று அது. 2004-இல், கெர்னல் கோடின் உரிமை பற்றிய வழக்குகளுக்கு நடுவே, அது கொண்டுவரப்பட்டது. அடுத்தவர் எழுதியதை உங்களுடையது என்று காட்டி அங்கே கையெழுத்திடாதீர்கள். நீங்கள் அனுப்பும் மெயில் பொதுக் காப்பகத்தில் நிரந்தரமாக இருக்கும். மெயின்டெய்னர் ஏன் இப்படி மாற்றினாய் என்று கேட்டு, நீங்கள் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், அதுவும் அங்கேயே இருக்கும். நாளைக்கு நேர்முகத் தேர்வு எடுப்பவர் தேடினால் கிடைக்கும்.

எத்தனை பேட்ச் என்று மட்டும் எண்ணிப் பார்த்து ஆளெடுக்கும் நிறுவனங்களும், அதையே மதிப்பெண்ணாக்கும் கல்லூரிகளும்தான் இந்த வியாபாரத்துக்குத் தீனி போடுகின்றன. மாணவர்களின் அவசரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டணத்தில் நீங்கள் கற்கக்கூடியது எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. கெர்னல் மூலக்கோடுடனேயே வரும் ஆவணங்களில், பேட்ச் சமர்ப்பிப்பது பற்றிய கோப்பை முழுதாகப் படியுங்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன், கெர்னலுக்குப் புதியவர்களுக்காக இலவச ஆன்லைன் பாடம் ஒன்றை வைத்திருக்கிறது.

அனுப்பிய பிறகு உடனே பதில் வராது. இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கெர்னலின் அடுத்த பதிப்பில் புதிய கோடைச் சேர்க்கும் இரண்டு வாரச் சாளரம் நடுவில் வந்தால் இன்னும் தாமதமாகும். பதில் வராவிட்டால், குறைந்தது ஒரு வாரம் பொறுத்துவிட்டு, பணிவாக ஒரு முறை நினைவூட்டுங்கள். திருத்தம் கேட்டால் வாதாடாமல் செய்து, தலைப்பில் இரண்டாம் பதிப்பு (v2) என்று குறித்து அனுப்புங்கள். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை பேட்சில் வரும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுத வேண்டும். மேலே எழுதினால் அதுவும் திருத்தத்தை விளக்கும் கமிட் செய்தியோடு சேர்ந்து கெர்னல் வரலாற்றில் ஏறிவிடும்.