பட்டமா, பாய்லர் வேலையா?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறான். மூன்று பேப்பர் அரியர். எங்களுக்குக் குத்தகைச் சாகுபடி. போன சம்பா மழையில் மூழ்கிவிட்டது. பக்கத்து ஊர் நவீன அரிசி ஆலையில் பாய்லர் (நீராவிக் கொதிகலன்) ஹெல்பராக மாதம் 14,500 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள். "நிரந்தர வேலைம்மா, படிச்சு என்ன ஆகப்போவுது" என்கிறான். நிறுத்திவிடலாமா?
ஒரு தாய், மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. இன்னும் இரண்டே செமஸ்டர். இப்போது நின்றால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்த் தேர்வு எழுத முடியாமல் ஆகும். இடையில் பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய அரியருக்கு இணையான பேப்பர் எது என்று தேடி அலைய வேண்டும். மூன்று அரியரில் இரண்டை நவம்பரிலும் ஒன்றை ஏப்ரலிலும் எழுதட்டும். பணமுடை தாங்கவில்லை என்றால் விடுமுறை நாட்களில் மட்டும் ஆலைக்குப் போகட்டும். என்ன ஆனாலும் டி.சி. வாங்க வேண்டாம்.

'நிரந்தரம்' என்பதையும் விசாரியுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டாயம். 14,500-க்கும் பிடித்தம் செய்தால் பி.எஃப். 1,740, இ.எஸ்.ஐ. 109 போகக் கைக்கு வருவது 12,651. பிடித்தமே இல்லாமல் முழுப் பணமும் கையில் தருகிறார்கள் என்றால் சந்தோஷப்படாதீர்கள். முதலாளி பங்கும் சேராது, அடிபட்டால் வைத்தியச் செலவும் உங்கள் தலையில்தான். தை, மாசியில் இராப்பகலாக ஓடும் ஆலை, நெல் வரத்து நின்றதும் எத்தனை பேரை வைத்துக்கொள்கிறது என்பதை அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள்.

வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. பாய்லர் தெரிந்த ஆளுக்கு நம் பக்கம் நல்ல மரியாதை உண்டு. ஆனால் சான்று பெறாதவர் தனியாகப் பாய்லரைப் பொறுப்பேற்கச் சட்டம் இடம் தராது. "நீயே பாத்துக்க" என்று ராத்திரி ஷிஃப்டில் விட்டுப் போனால் மறுத்துவிட வேண்டும். காரணம் இருக்கிறது. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கேஜ் கிளாஸில் மட்டம் கீழே இறங்கி மறைந்துவிட்டால், பழகாதவன் கை உடனே பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பு சுவிட்சுக்குத்தான் போகும். காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் ஒரே மூச்சில் ஆவியாகி பாய்லரே வெடிக்கலாம். எரிக்கும் உமி வரத்தையும் அடுப்புக்குக் காற்றுத் தரும் ஃபேனையும் நிறுத்தி, தானாக ஆறவிடுவதுதான் முறை.

உங்கள் மகன் படிப்பது இங்கேதான் கைகொடுக்கும். போர் தண்ணீரின் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பாய்லர் குழாயில் காறையாகப் படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி, குழாய் புடைத்து ஓட்டை விழும். அதைத் தடுக்கத்தான் இந்த உப்புகளைப் பிடித்து வைக்கும் ரெசின் மணிகள் நிரம்பிய சாஃப்ட்னர் வைக்கிறார்கள். ரெசினை அவ்வப்போது சமையல் உப்புக்கரைசல் விட்டுக் கழுவாமல் விட்டால் அதுவும் பயன்படாது. தண்ணீரில் இந்த உப்புகள் எவ்வளவு (கடினத்தன்மை) என்று பார்க்கும் இ.டி.டி.ஏ. சோதனை வேதியியல் லேபில் செய்வதுதான்: சிவப்பு நீலமாக மாறும் சொட்டில் நிறுத்துவார்கள். அந்தச் சோதனையைத் தானே செய்து பதிவேட்டில் எழுதத் தெரிந்தவனை எந்த ஆலையும் வெறும் ஹெல்பராக வைத்திருக்காது.

அரசு வேலைக்குப் போவதானாலும் பட்டம் உதவும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்கூடப் பருவகாலப் பட்டியல் எழுத்தருக்கு அறிவியல் பட்டம் கேட்கிறார்கள், உதவுபவருக்கு +2.

கேள்வி: +2 முடித்த தம்பிக்குக் கல்லூரியில் விருப்பமே இல்லை. ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் தப்பா?
ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: தப்பே இல்லை, தாராளமாகச் சேருங்கள். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். அரசு ஐ.டி.ஐ. என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. தனியாரில் சேர்ப்பதானால் அந்த டிரேடுக்கே (தொழிற்பிரிவுக்கே) என்.சி.வி.டி. என்னும் மத்திய அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். முடித்ததும் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையின் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 (கடைநிலை) வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதற்கும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும், பத்தாம் வகுப்புக் கணக்கை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.