நாலு ஆப் இருந்தும் நாலு வாக்கியம் பேச வரவில்லையா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி, அப்புறம் பி.காம். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மகள் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ் ஆங்கிலத்தில் பேசினால் பெரும்பாலும் புரிகிறது. பதில் சொல்லத்தான் வாய் வருவதில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். டூயோலிங்கோ உட்பட நான்கு இலவச ஆப் போனில் வைத்திருக்கிறேன். ஒன்றில் மூன்று மாதமாக ஒருநாள்கூட விடாமல் பயிற்சி செய்கிறேன். எந்த ஆப் நல்லது? பணம் கட்டி ப்ரீமியம் வாங்கினால்தான் வருமா? தினமும் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும்.
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மிஸ் பேசுவது புரிகிறது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். அடிப்படை இலக்கணமும் ஓரளவு சொற்களும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ‘இது ஆப்பிள், அது பந்து’ என்று முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. ஆனால் பெரும்பாலான இலவச ஆப்கள் எல்லோரையும் அங்கிருந்துதான் தொடங்க வைக்கின்றன.

அவற்றின் பயிற்சிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடு, இடப்பக்கச் சொல்லை வலப்பக்கச் சொல்லோடு சேர், கலைந்து கிடக்கும் சொற்களை வரிசைப்படுத்து. வேண்டிய சொற்கள் எல்லாம் திரையிலேயே இருக்கின்றன. பார்த்து அடையாளம் கண்டால் போதும், மணி அடித்து மதிப்பெண் தந்துவிடும். வகுப்பறையில் மிஸ் முன்னால் உட்காரும்போது அந்தச் சொற்கள் எதுவும் கண்ணெதிரே இருக்காது. ஒவ்வொன்றையும் நீங்களே நினைவிலிருந்து எடுத்து, வரிசைப்படுத்தி, அதே நொடியில் உச்சரிக்க வேண்டும். மூன்று மாதமாக நீங்கள் செய்தது முதல் வேலை. உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது. நீங்கள் பயிற்சி செய்த வேலை உங்களுக்கு நன்றாகவே வந்திருக்கும்.

டூயோலிங்கோவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் வான் ஆன், தன் மாணவர் செவரின் ஹாக்கருடன் சேர்ந்து உருவாக்கி 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது அது. (இணையதளங்களில் கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டி ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிக்கும் கேப்சாவை உருவாக்கிய குழுவிலும் வான் ஆன் இருந்தார். நம்மைத் திரையில் எதையாவது செய்ய வைப்பதில் கைதேர்ந்தவர்.) புள்ளிகள், தொடர்நாள் கணக்கு, லீக் எல்லாம் நாளையும் உங்களை வர வைப்பதற்கு. அந்த அளவில் அது நன்றாகவே வேலை செய்கிறது. உங்களைப் பேச வைக்கிறதா என்பது வேறு கணக்கு.

சரி, எதை வைத்துக்கொள்வது? நான்கில் மூன்றை எடுத்துவிடுங்கள். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர் கேட்டிருந்தால், ஹலோ இங்லிஷ் போலத் தமிழ் வழியாகக் கற்றுத்தரும் ஒன்றைச் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் காதுக்கு வேலை தருவது போதும். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்லிஷ் பக்கத்தில் ஏ1 (தொடக்கநிலை), ஏ2, பி1 என்று நிலைவாரியாகப் பிரித்த கேட்டல் பயிற்சிகள் எழுத்து வடிவத்தோடு இலவசமாக இருக்கின்றன. ஏ2-இல் தொடங்குங்கள். அது சுலபமாகிவிட்டால் பிபிசி லேர்னிங் இங்லிஷின் ‘சிக்ஸ் மினிட் இங்லிஷ்’ நிகழ்ச்சிக்குப் போகலாம். இரண்டு பேர் ஆறு நிமிடம் ஒரு விஷயத்தைப் பேசுவார்கள். பேசியது முழுவதும் எழுத்திலும் கிடைக்கும். பாட்காஸ்ட்டாக இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாமலே சமைக்கும்போது கேட்கலாம். அவர்கள் உச்சரிப்பை அப்படியே காப்பியடிக்க வேண்டியதில்லை. லண்டன்காரர் மாதிரிப் பேசினால் திண்டுக்கல்லில் யாருக்கும் புரியப்போவதும் இல்லை.

கேட்டால் மட்டும் போதாது. ஒரு வாக்கியம் கேளுங்கள், நிறுத்துங்கள், எழுத்தைப் பார்க்காமல் அதையே வாய்விட்டுச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் கணக்கில் சேராது. ஆறு நிமிட நிகழ்ச்சியில் இரண்டு நிமிடத்தை இப்படிச் செய்து முடித்தாலே அன்றைக்குப் போதும்.

இனி, நீங்கள் கேட்காத ஆப் ஒன்று. அது ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது: கீபோர்டில் உள்ள மைக். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் ஜிபோர்டு இருக்கும். அதன் அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் ‘இங்லிஷ் (இந்தியா)’ சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது அல்லவா, அதைத் திறந்து மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். நீங்கள் சொன்னதாக அது நினைப்பதை எழுத்தில் காட்டும். யாரும் சிரிக்க மாட்டார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிப் பார்க்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீளமான வாக்கியம் பேசினால் முன்பின் சொற்களை வைத்து அது ஊகித்துக்கொள்ளும். உங்கள் உச்சரிப்பு தவறாக இருந்தாலும் சரியாகவே எழுதிவிடும். அதனால் ஒலியைச் சோதிக்கத் தனிச்சொற்களைத்தான் சொல்ல வேண்டும். குறிப்பாக நமக்குச் சிக்கலான இடங்களில். குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பின்’. ஒன்று உதட்டை வெடித்துச் சொல்வது, மற்றது தொண்டையில் அதிர்வோடு வருவது. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மேலே போடும் கோட்டையும் ஆட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் அப்படித்தான், ‘கோட்’ என்று ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போட்டுத்தரும் ஆப்களையும் கையடக்கப் புத்தகங்களையும் முழுசாக நம்ப வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும். கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கும் வாக்கியங்களைக் கூகுள் ட்ரான்ஸ்லேட்டின் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு ஒருமுறை கேட்டுவிடுங்கள். பஸ்ஸு, புக்கு, ஆபீஸு என்று கடைசியில் நாம் ஒட்டும் உகரத்தையும் மைக் முன்னால் வெட்டிப் பழகலாம்.

எதைப் பேசிப் பழகுவது? ஆப்கள் விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தால் என்ன சொல்வது என்று கற்றுத்தரும். உங்களுக்கு அடுத்து வரப்போவது பேரன்ட்ஸ் மீட்டிங். அங்கிருந்தே தொடங்குங்கள். மிஸ்ஸிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்த விஷயங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். கணக்கில் எப்படி இருக்கிறாள், திங்கட்கிழமை காய்ச்சல், வீட்டுப்பாடம் கொஞ்சம் அதிகம், பக்கத்தில் உட்காரும் பிள்ளையோடு பேச்சு ஓய்வதில்லை, இப்படி. பத்துப் பன்னிரண்டு தேறும். அவற்றைக் கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் போடுங்கள். 2011 முதல் அதில் தமிழ் இருக்கிறது, இப்போது நன்றாகவே தேறியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவோம். ‘திங்கட்கிழமை வரவில்லை, காய்ச்சல்’ என்று போட்டால் யாருக்குக் காய்ச்சல் என்று அதற்கு எப்படித் தெரியும்? ‘என் மகள் திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல்’ என்று முழுதாக எழுதுங்கள்.

கிடைக்கும் ஆங்கில வாக்கியம் எட்டுச் சொல்லுக்கு மேல் போனால் இரண்டாக உடைத்துவிடுங்கள். ‘ஷீ வாஸ் ஆப்சென்ட் ஆன் மண்டே. ஷீ ஹேட் ஃபீவர்.’ அவ்வளவு போதும். ‘எனக்கு, அவளுக்கு’ என்று நாம் தொடங்கும் இடங்களில் ஆங்கிலம் பெரும்பாலும் ‘ஐ, ஷீ’ என்றே தொடங்கும் என்பதை இதிலேயே கவனிக்கலாம். காய்ச்சலுக்கு அது, சந்தேகத்துக்கும் அதே: ‘ஐ ஹேவ் எ டவுட்.’ கேள்வியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது. தமிழில் கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் முன்னால் உள்ள சொற்கள் இடம் மாற வேண்டும். ‘ஷீ ஈஸ் டூயிங் வெல்’ என்பது செய்தி, ‘ஈஸ் ஷீ டூயிங் வெல்?’ என்பது கேள்வி. இந்த ஒரு மாற்றத்தைப் பத்து வாக்கியங்களில் வாய்விட்டுச் செய்து பாருங்கள். இலக்கணப் பாடம் இப்போதைக்கு இதற்கு மேல் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனப்பாடமாக வேண்டியது இது: ‘குட் யூ ப்ளீஸ் சே தட் அகெய்ன், ஸ்லோலி?’ புரியாதபோது தலையாட்டாமல் இருக்க இந்த ஒரு வாக்கியம் போதும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே தினமும் சொல்வதுதான்.

வாக்கியங்கள் ஓரளவு நாக்கில் நின்றதும் ஜெமினி அல்லது சாட்ஜிபிடியைத் திறங்கள். இரண்டிலும் குரலில் உரையாடும் வசதி இலவசமாகவே உண்டு, அளவு மட்டும் உண்டு. கட்டளையைத் தமிழிலேயே தரலாம்: ‘நீங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, நான் ஒரு மாணவியின் அம்மா. எளிய ஆங்கிலத்தில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நடுவில் திருத்த வேண்டாம். ஐந்து கேள்வி முடிந்ததும் என் பிழைகளில் முக்கியமான இரண்டை மட்டும் தமிழில் சொல்லுங்கள்.’ ‘இரண்டை மட்டும்’ என்பதை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் பட்டியல் போட்டு மிரட்டும், அல்லது எதைச் சொன்னாலும் அற்புதம் என்று பாராட்டிக்கொண்டே இருக்கும். மகளின் பெயர், பள்ளியின் பெயர், முகவரி எதையும் அதில் சொல்ல வேண்டாம். முன்பின் தெரியாதவர்களோடு ஆங்கிலம் பேசிப் பழக இணைத்துவிடும் ஆப்களும் இருக்கின்றன. அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆங்கிலத்தை விட்டுவிட்டு உங்கள் நம்பரைக் கேட்பவர்கள் அங்கே அதிகம். பேச ஆள் வேண்டுமென்றால் கல்லூரியில் படிக்கும் அக்கா மகளோ தம்பி மகனோ வாரத்துக்கு இரண்டு முறை பத்து நிமிடம் போனில் பேசினால் போதும். ஆங்கிலத்தில் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: கேட்டுத் திரும்பச் சொல்வதற்குப் பத்து நிமிடம், மைக்கிடமோ ஜெமினியிடமோ பேசுவதற்குப் பதினைந்து, மீதி பழைய வாக்கியங்களுக்கு. பழையது முக்கியம். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதிவிட்டார். இன்று படித்ததை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்த்தால் தங்கும். இதற்கென்றே ஆன்கிட்ராய்டு என்ற இலவச ஆப் இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் ஆங்கிலம். சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஆனால் அமைப்புகளைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் போய்விடும். இடதுபக்கம் தமிழ், வலதுபக்கம் ஆங்கிலம் என்று மடித்த நோட்டு ஒன்று அதே வேலையைச் செய்யும்.

எத்தனை நாள் ஆகும்? ‘முப்பதே நாளில்’ விளம்பரங்களை ஒதுக்கிவிடுங்கள். ஒன்றுமே தெரியாத ஒருவர் ஏ2 நிலைக்கு வர ஏறக்குறைய 180 முதல் 200 மணி நேரமும், ஓரளவு தானாகச் சமாளிக்கும் பி1 நிலைக்கு 350 முதல் 400 மணி நேரமும் ஆசிரியர் துணையோடு படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் கணக்கு. தினம் அரை மணி என்றால் வருடத்துக்கு 180 மணி நேரம் சொச்சம். நீங்கள் பாதி வழியில் நிற்பவர், அவ்வளவு ஆகாது. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கான அந்தப் பன்னிரண்டு வாக்கியங்கள் ஒரு மாதத்தில் வந்துவிடும். அப்புறம் பேங்க், ஆஸ்பத்திரி, வேலைக்குப் போக நினைத்தால் இன்டர்வியூ என்று ஒவ்வொரு தாளாக எழுதிக்கொண்டே போகலாம்.

கடைசியாகப் பணம். வாங்க வேண்டாம். பெரும்பாலும் ப்ரீமியத்தில் நீங்குவது விளம்பரமும் தினசரி வரம்பும்தான். நீங்கள் தினம் செய்யப்போகும் அரை மணிக்கு இலவசப் பகுதியே மிஞ்சும். அதைவிட, ‘ஏழு நாள் இலவசம்’ என்ற பொத்தானை எப்போதாவது அழுத்தியிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. ப்ளே ஸ்டோரில் மேலே வலதுபக்கம் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ உள்ளே ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போனால் ஓடிக்கொண்டிருப்பவை தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். ஜிபே, போன்பே வழியாக ஒப்புதல் கொடுத்திருந்தால் அதிலுள்ள ‘ஆட்டோபே’ பகுதியையும் பார்த்துவிடுங்கள். முதல் முறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபியோ யூபிஐ பின் எண்ணோ கேட்காமலே பணம் எடுக்க முடியும். ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த மெசேஜை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.