தபால்காரர் கையிலும் கழியைக் கொடுப்பார்கள்

கேள்வி: அயர்லாந்துக் கிராமங்களில் வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் அவரும் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டுமாமே, உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான் அம்மா, ஆனால் அது அந்தக் காலத்து வழக்கம். அங்கே கார்க் நகரத்துப் பக்கம் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். “தபால்காரர் வந்தால்கூட எங்கள் அம்மா வெண்ணெய் கடையும் கழியை அவர் கையில் கொடுத்துவிடுவார்” என்பார். வருகிறவர் “கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்” என்று சொல்லி, நாலு குத்துக் குத்த வேண்டும். சும்மா போனால் வீட்டு வெண்ணெயின் அதிர்ஷ்டமும் அவரோடு போய்விடும் என்று பயம். கடையும்போது அடுப்பிலிருந்து ஒரு கங்குகூட வெளியே போகக் கூடாது. மே முதல் தேதியன்று இன்னும் கெடுபிடி.

எனக்கென்னவோ இந்த வழக்கத்தில் பயத்தைவிட, கடைகிறவர் மேல் உள்ள கரிசனம்தான் அதிகம் தெரிகிறது. ஏனென்றால் நானே குத்திப் பார்த்தேன். இடுப்பளவு மரத்தொட்டி, நடுவில் ஓட்டை போட்ட மூடி, அதன் வழியே நீளக் கழி. மத்துபோல் சுழற்றுவதில்லை, உலக்கைபோல் மேலும் கீழும் குத்த வேண்டும். உள்ளே, சில நாட்களாகச் சேர்த்துப் புளிக்கவைத்த பாலாடை. முதலில் சளக் சளக் என்று சுலபமாகத்தான் இருந்தது. அப்புறம் ஆடை கெட்டிப்பட்டுக் கழி கனத்தது. அரை மணி நேரத்தில் தோள் விட்டுப்போனது. திடீரென்று கழி லேசாகி, சத்தம் மாறியது. “நிறுத்து!” என்றார் வீட்டுக்கார அம்மா. மூடியைத் திறந்தால் கோதுமை மணி அளவில் மஞ்சள் மஞ்சளாய்ப் பருக்கைகள்!

கையால் தொட விடவில்லை. இரண்டு மரக்கட்டைகளால் அள்ளி, குளிர்ந்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினார். தண்ணீர் தெளியும்வரை விடக் கூடாது. மோர் தங்கினால் வெண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும். பிறகு உப்பு சேர்த்துப் பிசைந்தார். அந்த மோரில் சமையல் சோடா போட்டுப் பிசையும் சோடா ரொட்டி சுட்டார். அந்தக் காலத்தில் அவித்த உருளைக்கிழங்கோடு மோரைக் குடிப்பார்களாம்.

லிமரிக் மாவட்டத்து டிரம்காலகரில் 1889-ல் அயர்லாந்தின் முதல் கூட்டுறவுப் பால் ஆலை வந்தது. அதன் பிறகு வெண்ணெய் கடையும் வேலை மெல்ல மெல்ல வீட்டைவிட்டுப் போனது. தோளுக்கு நிம்மதிதான். ஆனால் வெண்ணெய் விற்ற காசு அதுவரை பெண்கள் கையில் இருந்தது. இந்த அம்மா வீட்டிலும் பால் கேன் ஆலைக்குப் போக ஆரம்பித்ததும் பணம் அப்பா பேரில் வந்தது. அதற்குப் பிறகு, பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி காலணி வாங்கவும் அவருடைய அம்மா அப்பாவிடம் கேட்டு நின்றாராம்.