ஒலிவியா டி ஹாவிலண்ட் ஏன் இவ்ளோ முக்கியமான நடிகை?

நிறைய பேருக்கு இவங்கள 1939ல வந்த கான் வித் த விண்ட் படத்து மெலனியா வந்தவங்களா மட்டும்தான் தெரியும், ஆனா என்னைக் கேட்டா இவங்க செஞ்ச பெரிய காரியம் கோர்ட்லதான்.

பொறந்தது 1916ல டோக்கியோல, வளர்ந்தது கலிஃபோர்னியா. வார்னர் பிரதர்ஸ்ங்கிற ஹாலிவுட் படக் கம்பெனில ஏழு வருஷ கான்ட்ராக்ட். அப்போல்லாம் குடுக்குற ரோல் பிடிக்கலன்னு சொன்னா சம்பளத்த நிறுத்தி சஸ்பெண்ட் பண்ணுவாங்க, அந்த நாளையெல்லாம் கான்ட்ராக்ட் கடைசில சேத்துடுவாங்க, அதாவது ஏழு வருஷம் முடிஞ்சாலும் முடியாது. 1943ல இவங்க கிட்ட இன்னும் ஆறு மாசம் பாக்கின்னு சொன்னப்போ நேரா கேஸ் போட்டுட்டாங்க. இதே கம்பெனிய எதிர்த்து நடிகை பெட்டி டேவிஸ் 1936ல கேஸ்ல தோத்தது எல்லாருக்கும் தெரியும், அப்படியும் துணிஞ்சாங்க பாருங்க! ஏழு வருஷம்னா காலண்டர்ல ஏழு வருஷம்தான்னு 1944 டிசம்பர்ல மேல்கோர்ட்டும் சொல்லிடுச்சு. இன்னிக்கும் கலிஃபோர்னியாவோட அந்த ஏழு வருஷ சட்டத்துக்கு டி ஹாவிலண்ட் சட்டம்னுதான் பேரு, பாடகர்களோட கான்ட்ராக்ட் சண்டைலயும் அதப் பத்திப் பேச்சு வரும்.

அதுக்கப்புறம்தான் ரெண்டு ஆஸ்கர். ரெண்டாவது 1949ல வந்த த ஏரஸ் படத்துக்கு. கடைசி சீன் மட்டுமாவது பாருங்க, வெளிய ஏமாத்துனவன் கதவத் தட்டித் தட்டிக் கூப்பிடுறான், இவங்க கைல விளக்கோட பேசாம மாடிப்படி ஏறுறாங்க, முகத்துல ஒரு அவசரமும் இல்ல. எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

தங்கச்சி ஜோன் ஃபான்டெய்னும் ஆஸ்கர் வாங்குனவங்க, ரெண்டு பேருக்கும் ஆகாது. ஒலிவியா 1950கள்ல பாரிஸ் போய் செட்டில் ஆனவங்க, 2020ல 104 வயசுல அங்கயே இறந்தாங்க.