அரிசிக்குள் வைத்தால் தேநீர் போகாது

"கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பில் நேற்றிரவு அரை டம்ளர் பால் தேநீர் கொட்டிவிட்டது. உடனே அணைத்துத் துடைத்தோம். புனலூரில் இருக்கும் என் நாத்தனார் சொன்னபடி அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருக்கிறேன். எப்போது ஆன் செய்து பார்க்கலாம்?" என்று புளியரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் அதை அரிசியிலிருந்து வெளியே எடுங்கள் அம்மா. ஆன் செய்து பார்க்கவே வேண்டாம், சார்ஜரும் செருக வேண்டாம். உடனே அணைத்தது நல்ல காரியம். ஆனால் உள்ளே பாட்டரி இணைந்தேதான் இருக்கிறது. லேப்டாப் அணைந்திருந்தாலும் மதர்போர்டின் (சிப்புகள் பொருத்திய முதன்மைப் பலகை) சில இடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அதோடு ஈரம் சேர்ந்தால் செம்பு கரைந்து, ஒரு சிப்பின் காலிலிருந்து அடுத்த காலுக்கு இழைபோலப் படரும். இரண்டு கால்களும் இணைந்துவிட்டால் ஷார்ட்.

அரிசி இதில் எதையும் தடுக்காது. சிப்பின் அடியில் புகுந்த நீரை வெளியிலிருக்கும் அரிசி எப்படி இழுக்கும்? தவிடும் மாவும் துளைகளில் அடைவதுதான் மிச்சம். ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் பெரிய எதிரி ஈரமல்ல, சர்க்கரையும் பாலும். அரிசியில் நான்கு நாள் இருந்த ஒரு லேப்டாப்பை என் மேசையில் திறந்தேன். பார்வைக்கு நன்றாகக் காய்ந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால், சிப்பின் கால்களுக்கிடையே தேநீர் வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. ஒரு காலைச் சுற்றிப் பாசி பிடித்தாற்போல் பச்சை. அந்தப் பாகு காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பத்து நாள் ஓடிய லேப்டாப் பதினோராவது நாள் நின்றுபோவது இப்படித்தான்.

ஆகவே காயவைப்பதற்கு முன் கழுவ வேண்டும். இன்றே அடிமூடியைக் கழற்றி, பாட்டரியின் இணைப்பைப் பிளாஸ்டிக் குச்சியால் எடுத்துவிட வேண்டும். பாட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். பிறகு போர்டைத் தனியே எடுத்து, இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் மென்மையான பல் பிரஷ் கொண்டு கழுவ வேண்டும். சர்க்கரை தண்ணீரில்தான் கரையும், ஆல்கஹாலில் கரையாது. பலர் தவறுவது இங்கேதான். அதன் பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மறுபடி கழுவினால், எஞ்சிய நீரையும் அது தன்னோடு கொண்டுபோய்விடும். எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் கூடாது. கைக்கு உபயோகிக்கும் சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. திரையையும் பாட்டரியையும் நனைக்கவே கூடாது. ஸ்க்ரூ கழற்றிப் பழக்கமில்லை என்றால் தயங்காமல் இன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

காயவைப்பதில் உங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் மாதங்களில் கொடியில் போட்ட துணியே காய்வதில்லை. ஜன்னலோரம் வைத்துப் பயனில்லை. சிறிது நேரம் மின்விசிறியடியில் வைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நிறைய போட்ட காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் மூடி வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் அவை ஈரம் குடித்துவிட்டன, மாற்றுங்கள். அவை குழந்தைகள் கையில் படக் கூடாது. ஹேர் டிரையர் வேண்டாம். அதன் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும், சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும்.

கீபோர்டு பெரும்பாலும் தப்பாது, மாற்ற வேண்டியிருக்கும். மகளின் பாடக் குறிப்புகளுக்குப் பிரதி இல்லையென்றால் அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மற்ற வேலைக்கு முன், கோப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்எஸ்டியைத் தனியே கழற்றி வைத்துவிடுவார்.

இன்னொன்று. கடையில் "தண்ணீர் பட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாலும் சர்க்கரையும் போட்ட தேநீர், நேற்றிரவு கொட்டியது என்று விவரமாகச் சொல்லுங்கள். எதைக் கொண்டு முதலில் கழுவுவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.