கண்புரை அறுவை செய்துகொண்டேன், விமான நிலையத்தில் கண் ஸ்கேன் பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 66. இரண்டு மாதத்துக்கு முன் இரு கண்களிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அடுத்த மாதம் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போகிறேன். முன்பு போனபோது அங்கே குடியேற்றச் சோதனையில் கண்ணைப் பதிவு செய்தார்கள். இப்போது பொருந்துமா? அந்த வெளிச்சம் புது லென்ஸைக் கெடுக்குமா?

பதில்: பெரும்பாலும் பொருந்திவிடும், தைரியமாகப் போய் வாருங்கள். கருவி பார்ப்பது லென்ஸை அல்ல, அதற்கு முன்னால் பாப்பாவைச் (கண்ணின் நடுவில் உள்ள கரிய துளை) சுற்றி வளையமாக இருக்கும், கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸை. பலர் இதை 'ரெடினா ஸ்கேன்' என்கிறார்கள். அது தவறு, ரெடினா என்பது கண்ணின் உள்ளே பின்புறம் இருக்கும் விழித்திரை; குடியேற்ற வாயிலில் அதுவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டாக்மேன் 1990களில் உருவாக்கிய முறையில், ஐரிஸின் நார்களும் குழிகளும் 2,048 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட குறியீடாக மாறும். பழைய பதிவோடு அது அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டியதில்லை. வேறு வேறு ஆட்களின் கண்கள் என்றால் ஏறக்குறைய பாதி பிட்கள் மாறுபடும். மூன்றில் ஒரு பங்குக்குள் மாறியிருந்தால் அதே ஆள்தான். ஆகவே அறுவையால் வரும் சின்ன மாற்றம் தாங்கும். அறுவையில் ஐரிஸ் கசங்கியோ பாப்பா கோணியோ போயிருந்தால் மட்டும் சிக்கல் வரலாம். அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்; டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வாயில் திறக்காவிட்டால் அதிகாரியிடம் அனுப்புவார்கள், அவர் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

நான் கவலைப்படுவது சொட்டு மருந்தைப் பற்றித்தான். பாப்பாவை விரிக்கும் மருந்து போட்டால் ஐரிஸ் ஒடுங்கி ஓரத்துக்குப் போய்விடும். ஐக்கிய அரபு அமீரகத்தில், நாடு கடத்தப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்பி வருவதைக் கண் ஸ்கேனால் பிடிக்கத் தொடங்கியதும், சிலர் வேண்டுமென்றே இந்த மருந்தைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அப்புறம் பாப்பா அளவுக்கு மீறி விரிந்திருந்தால் கருவியே கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். அது சுருங்கும்வரை ஆளைக் காக்க வைத்துவிடுவார்கள். உங்கள் மேல் யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்றால், பயணத்துக்கு முந்தைய நாளும் அன்றும் மருந்து போட்டுச் செய்யும் கண் பரிசோதனையைத் தவிருங்கள். தினமும் போடும் சொட்டு மருந்து ஏதாவது இருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெளிச்சம்? அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், அளவும் மிகக் குறைவு. லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட்டு, இமையை நன்றாகத் திறந்து நில்லுங்கள்.