மைய சர்வர் இல்லாத வலையமைப்பில், இரண்டு பியர்களுக்கு (நேருக்கு நேர் பேசும் கணினிகளுக்கு) நடுவே சேர்ப்பு (யூனியன்), வெட்டு (இன்டர்செக்ஷன்) போன்ற கணச் செயல்பாடுகளை எப்படி நிரலாக்குவது? முழுப் பட்டியலையும் அனுப்பாமல் முடியுமா?

முடியும். இரண்டு பக்கமும் லட்சம் உறுப்பு இருக்கட்டும். அதில் நூறு மட்டும் வேறுபட்டால், நூறுக்கு ஆகும் செலவிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். எதை எதற்குச் சமம் என்று வைக்கப்போகிறீர்கள்? எதிர்ப்பக்கம் உங்கள் பட்டியலில் எதையெல்லாம் பார்க்கலாம்? பெரும்பாலானோர் இதை விட்டுவிட்டு நேராக அல்காரிதத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நான் யாங்கோனில் இருக்கிறேன். இங்கே ஒரு கோயில் வாசகசாலையில் பழைய தமிழ்ப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறிப்பைத் தட்டச்சு செய்து வைக்கிறோம். தெற்கே மோல்மேன் நகரில் இன்னொரு குழு தங்கள் பக்கத்து ஏடுகளுக்கு இதையே செய்கிறது. 1942-ல் காடும் மலையுமாக நடந்தே இந்தியா போனவர்கள், 1960களில் கடைகளும் தொழில்களும் தேசியமயமான பிறகு கப்பல் ஏறியவர்கள், இவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டிலிருந்து “எங்க தாத்தா பேரு அங்க இருக்கா?” என்று கேட்கிறார்கள். ஒரு பக்கத்தில் இருக்கும் பெயர் இன்னொரு பக்கத்தில் இல்லாமல் போனால், அவர்களுக்கு ‘இல்லை’ என்ற தவறான பதில் போய்விடும். அதனால் இரண்டு தொகுப்பும் ஒன்றாக இருப்பது எனக்கு வெறும் கணினிப் பயிற்சி இல்லை.

ஏன் ஒரு சர்வரில் போட்டுவிடவில்லை என்று கேட்கலாம். 2021 பிப்ரவரி 15 முதல் இங்கே இரவு 1 மணியிலிருந்து காலை 9 மணிவரை இணையம் நின்றது. மார்ச் 15 அன்று நாடு முழுக்க மொபைல் டேட்டா நின்றது. மின்வெட்டு அதற்கு மேல். இணைப்பு கிடைக்கிற சொற்ப நேரத்தில் இரண்டு கணினி நேருக்கு நேர் பேசி முடித்துக்கொள்வதே எங்களுக்குச் சரிப்படுகிறது.

சரி, முதல் கேள்வி: சமம்.

கணத்தில் ஓர் உறுப்பை அதன் ஹாஷ்தான், அதாவது அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்தான், அடையாளப்படுத்துகிறது. ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். தமிழில் இது பெரிய தலைவலி. ‘கோ’ என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு இரண்டு. ஹாஷ் எடுப்பதற்கு முன் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் இது சரியாகிவிடும். ஆனால் ‘ஸ்ரீ’ அதற்கு அடங்காது. முதல் எழுத்து ஸ-வாக இருந்தாலும் ஶ-வாக இருந்தாலும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான் தெரியும். என்எஃப்சி இந்த இரண்டையும் ஒன்றாக்காது. கோயில் பெயர்களில் பாதி ஸ்ரீ-யில்தானே தொடங்குகிறது! அதற்கு நாமே ஒரு விதி எழுத வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே விதியாக.

பர்மாவில் இன்னொரு அடுக்கும் உண்டு. தெருப்பெயர், ஊர்ப்பெயரைப் பர்மிய எழுத்தில் குறித்த பழைய கோப்புகள் பெரும்பாலும் ஜாஜி என்ற, யூனிகோடுக்கு ஒத்துவராத பழைய எழுத்துரு முறையில் இருக்கும். ஜாஜியும் யூனிகோடும் ஒரே குறியெண் பகுதியைத்தான் பயன்படுத்துகின்றன, அர்த்தம்தான் வேறு. நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1 அன்று. அதற்கு முந்தைய கோப்பு எதையும் கண்டறிந்து மாற்றாமல் கணத்தில் சேர்க்காதீர்கள். கண்டறிய கூகுள் வெளியிட்ட மியன்மார்-டூல்ஸ் நன்றாகவே உதவுகிறது. படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். செய்தி ஆப் வழியாகப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு, ஹாஷ் மாறிவிடும். கோப்பாக அனுப்பினால்தான் அப்படியே போகும்.

இப்போது அல்காரிதம். ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம். என்னிடம் 5, 9, 20 இருக்கிறது. உங்களிடம் 5, 9. இருவரும் தங்கள் எண்களை எல்லாம் எக்ஸ்ஓஆர் செய்தால் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்தால் 0) எனக்கு 24 வரும், உங்களுக்கு 12. நான் 24-ஐ மட்டும் அனுப்புகிறேன். நீங்கள் அதை உங்கள் 12-உடன் எக்ஸ்ஓஆர் செய்தால் 20 வந்துவிடும், அதாவது உங்களிடம் இல்லாத அந்த ஒன்று. பொதுவாக இருந்தவை எல்லாம் தாங்களாகவே அடிபட்டுப் போயின. இருவரிடமும் பொதுவாக ஒரு கோடி எண் இருந்தாலும் அனுப்பியது ஒரே எண்தான். எனக்கு இந்த இடம் இன்றும் அழகாகத் தெரிகிறது.

வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போனால்? அப்போது பல பெட்டிகள் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வோர் உறுப்பும் தன் ஹாஷ் சொல்லும் மூன்று அல்லது நான்கு பெட்டிகளில் விழும். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று எண் மட்டும் இருக்கும்: எத்தனை விழுந்தன என்ற எண்ணிக்கை, விழுந்தவற்றின் அடையாள எண்களின் எக்ஸ்ஓஆர், அந்த அடையாள எண்களை மறுபடி ஹாஷ் செய்து அவற்றின் எக்ஸ்ஓஆர். நான் என் பெட்டிகளை அனுப்புகிறேன், நீங்கள் உங்களுடையதைப் பெட்டிக்குப் பெட்டி கழிக்கிறீர்கள். பொதுவானவை மறைந்துவிடும். எண்ணிக்கை +1 அல்லது −1 ஆக இருந்து, மூன்றாவது எண்ணும் ஒத்துப்போனால் அந்தப் பெட்டியில் ஒரே ஓர் உறுப்புதான் மிச்சம். +1 என்றால் என்னுடையது, −1 என்றால் உங்களுடையது. அதை எடுத்துக் குறித்துக்கொண்டு, அது விழுந்த மற்றப் பெட்டிகளிலிருந்தும் நீக்கினால் இன்னொரு பெட்டி தனியாகும். பின்னலில் ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அடுத்தது தளர்வது மாதிரி, கடைசிவரை பிரிந்துவிடும்.

மூன்றாவது எண் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்னுடையவை இரண்டும் உங்களுடையது ஒன்றும் ஒரே பெட்டியில் விழுந்தாலும் எண்ணிக்கை +1 தான். சரிபார்ப்பு இல்லையென்றால், இல்லாத ஓர் உறுப்பைக் கண்டுபிடித்ததாக நிரல் நம்பிவிடும்.

இதன் பெயர் இன்வெர்ட்டிபிள் ப்ளூம் ஃபில்டர். 1970-ல் பர்ட்டன் ப்ளூம் தந்த ப்ளூம் ஃபில்டர் ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதை மட்டும் சொல்லும். இதிலிருந்து உறுப்புகளையே மீட்டெடுக்கலாம். எப்ஸ்டைன், குட்ரிச், உயேதா, வர்கீஸ் ஆகியோர் 2011-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கழித்தல் முறை முழுமையாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 உறுப்பு, ஒவ்வொன்றுக்கும் 8 பைட் அடையாளம் என்றால் முழுப் பட்டியல் 4 லட்சம் பைட். வித்தியாசம் 100 என்றால் 200 பெட்டி தாராளம். ஒரு பெட்டிக்கு 16 பைட், மொத்தம் 3,200 பைட். ஓர் உறுப்பு மூன்று பெட்டியில் விழுந்தால், கொள்கையளவில் வித்தியாசத்தைப் போல 1.22 மடங்கு பெட்டி போதும். ஆனால் சிறிய அளவுகளில் அந்த எல்லையை ஒட்டிப் போகாதீர்கள், பிரியாமல் நின்றுவிடும். நின்றால் பெட்டிகளை இரட்டிப்பாக்கி மறுபடி அனுப்ப வேண்டியதுதான்.

வித்தியாசம் எவ்வளவு என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? அதே கட்டுரையில் அதற்கும் வழி இருக்கிறது. உறுப்புகளை ஹாஷின் கடைசியில் எத்தனை பூஜ்யம் என்பதை வைத்து அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். முதல் அடுக்கில் பாதி, அடுத்ததில் கால், அடுத்ததில் அரைக்கால் என்று விழும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு சிறிய ஃபில்டர். மேலே, குறைவாக விழுந்த அடுக்கிலிருந்து பிரித்துக்கொண்டே வந்து, எங்கே பிரியாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்தி, அதுவரை கிடைத்ததைப் பெருக்கினால் மதிப்பீடு கிடைக்கும். அது துல்லியமாக இராது, பெட்டி எத்தனை வேண்டும் என்று முடிவு செய்ய அது போதும்.

இதையெல்லாம் நீங்களே எழுதத் தேவையில்லாமலும் போகலாம். குனுநெட் என்ற பியர்-டு-பியர் மென்பொருளில் கணச் செயல்பாடுகளுக்கென்றே சேவை இருக்கிறது. சேர்ப்புக்கு நான் மேலே சொன்ன அதே முறை. ஒரு கணத்தை உருவாக்கி உறுப்புகளைச் சேர்க்கிறீர்கள். ஒரு பியர் காத்திருக்கும், இன்னொன்று அழைக்கும். இருவரும் தங்கள் கணத்தை ‘கமிட்’ செய்த (இதுதான் இந்தச் சுற்றுக்கான கணம் என்று உறுதிசெய்த) பிறகு முடிவு உறுப்பு உறுப்பாக உங்கள் செயற்கூறுக்கு (ஃபங்ஷனுக்கு) வந்து சேரும். கமிட் செய்த பிறகு கணத்தில் எதைச் சேர்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அது பாதிக்காது. சொந்தமாக எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கட்டாயம் பின்பற்றுங்கள். பாதியில் கணம் மாறினால் கழித்தலுக்கே அர்த்தமில்லை.

ஹாஷ்களை மட்டம் மட்டமாகச் சேர்த்து ஹாஷ் செய்து அடுக்கும் மெர்க்கிள் மரம் போதாதா என்றால், நல்ல இணைப்பு இருந்தால் போதும். கசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் வித்தியாசங்கள் சிதறிக் கிடந்தால் மரத்தின் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். விட்டு விட்டு வரும் இணைப்பில் அது எரிச்சல். பைட் கணக்கில் இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் பிட்காயின் ஆட்கள் எழுதிய மினிஸ்கெட்ச் நூலகத்தைப் பாருங்கள். நூறு வித்தியாசத்துக்கு 64 பிட் வீதம் 800 பைட்தான். ஆனால் வித்தியாசம் கூடக்கூட அதைப் பிரிக்கும் கணக்குவேலை வர்க்கமாக ஏறும்.

அப்புறம் நீக்கல். ஒருநாள் மோல்மேன் தம்பி போனில், “அண்ணே, நேத்து அழிச்ச டூப்ளிகேட் எல்லாம் இன்னைக்குத் திரும்ப வந்து நிக்குது!” என்றார். சேர்ப்பின் இயல்பே அதுதான். ஒருவர் அழித்தது மற்றவரிடம் இருந்தால், சேர்க்கும்போது திரும்பி வரத்தான் செய்யும். ‘இது அழிக்கப்பட்டது’ என்பதற்கும் ‘இது இன்னும் வந்து சேரவில்லை’ என்பதற்கும் வேறுபாடு கணத்துக்குத் தெரியாது. தீர்வு, இரண்டு கணம் வைப்பது: சேர்த்தவை ஒன்று, நீக்கியவை ஒன்று. இரண்டும் வளர மட்டும் செய்யும். இரண்டையும் தனித்தனியே சேர்ப்புச் செய்துவிட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துக் காட்டினால் எந்த வரிசையில் எத்தனை முறை ஒத்திசைத்தாலும் இருவருக்கும் ஒரே முடிவுதான். ஒருமுறை நீக்கியதை அதே அடையாளத்தோடு மறுபடி சேர்க்க முடியாது என்பது இதன் குறை. ஏடுகளுக்கு அது பரவாயில்லை. கடை இருப்புப் பட்டியல் போன்றவற்றுக்கு ஓர் உறுப்பைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் தனி அடையாளம் கொடுக்கும் ஓஆர்-செட் என்ற கண வகை வேண்டும். 2011-ல் ஷப்பிரோவும் உடனாய்வாளர்களும் சிஆர்டிடி (மோதலின்றி ஒன்றுசேரும் தரவு வகைகள்) என்ற பெயரில் இவற்றை ஒழுங்குபடுத்தினார்கள்.

வெட்டுக்கு வருவோம். வித்தியாசம் சிறியது என்றால் வெட்டுக்குத் தனி வேலையே இல்லை. என் கணத்திலிருந்து உங்களிடம் இல்லாதவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் வெட்டுதான். பொதுவானவை கொஞ்சமாக இருக்கும்போதுதான் வேறு முறை வேண்டும். குனுநெட் அங்கே சாதாரண ப்ளூம் ஃபில்டரை மாற்றி மாற்றி அனுப்புகிறது. சிறிய கணம் உள்ளவர் முதலில் அனுப்புவார், அதில் இல்லாததை மற்றவர் கழித்துவிட்டுத் தன் ஃபில்டரைத் திருப்பி அனுப்புவார். இருவரிடமும் எண்ணிக்கையும் ஹாஷ்களின் எக்ஸ்ஓஆரும் ஒத்துப்போகும்வரை இது நடக்கும். உறுப்புக்கு 10 பிட் ஒதுக்கினால் தவறாக ‘இருக்கிறது’ என்று வருவது ஏறத்தாழ 1 சதவீதம். அது அடுத்த சுற்றுகளில் உதிர்ந்துவிடும்.

இது அலைவரிசையை மிச்சப்படுத்தும், ரகசியம் காக்காது. இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. பழைய ஏட்டுப் பக்கங்களை யார் பார்த்தாலும் பரவாயில்லை. ஆனால் இன்றைய குடும்பங்களின் தொலைபேசி எண் பட்டியலை இரண்டு குழு ஒப்பிட வேண்டும் என்றால், “ஹாஷ் செய்துதானே அனுப்புகிறோம்” என்று தயவுசெய்து சமாதானம் ஆகாதீர்கள். பர்மிய மொபைல் எண்ணில் 09-க்குப் பின் அதிகபட்சம் ஒன்பது இலக்கம். அதாவது நூறு கோடி வாய்ப்பு. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை அத்தனையையும் நொடிக்கணக்கில் ஹாஷ் செய்து ஒப்பிட்டுவிடும். பெயர்ப் பட்டியல் தப்பான கையில் விழுந்தால் என்ன ஆகும் என்பது இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு வேண்டியது தனியுரிமை காக்கும் வெட்டு. 1986-லேயே கேத்தரின் மெடோஸ் எழுதிய யோசனை இது. இருவரும் ஆளுக்கொரு ரகசிய எண் வைத்துக்கொள்கிறார்கள். நான் உறுப்பை ஹாஷ் செய்து அதை என் ரகசிய எண்ணுக்கு அடுக்கேற்றி (பவர் போட்டு) அனுப்புகிறேன். நீங்கள் அதன் மேல் உங்கள் எண்ணுக்கு அடுக்கேற்றுகிறீர்கள். மறுபக்கமும் அப்படியே. வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால் ஒரே உறுப்பு இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண்ணாக வந்து நிற்கும். ரகசிய எண் தெரியாதவர் நூறு கோடியையும் போட்டுப் பார்க்க முடியாது. இன்று இதை நீள்வட்ட வளைவில் செய்கிறார்கள். எதிர்ப்பக்கம் தன் கணத்தில் ஊகித்த எண்களை நிரப்பி அனுப்பினால் இதுவும் தடுக்காது. அதனால் கணத்தின் அளவுக்கும், ஒரே பியர் எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள்.

தெரியாத பியர்களோடு பேசும் நிரலென்றால் சேர்ப்பிலும் இரண்டு காவல் வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது சால்ட் (தற்செயலாக எடுத்த எண்) கலந்து அடையாளம் கணக்கிடுங்கள்; ஒரே அடையாளத்தில் மோதும் உறுப்புகளை ஒருவர் முன்கூட்டியே தயாரித்து வைக்க முடியாது. பெட்டிகளைப் பிரிக்கும் சுழற்சிக்கும் உச்சவரம்பு போடுங்கள். வேண்டுமென்றே கெடுத்து அனுப்பிய ஃபில்டர் அந்தச் சுழற்சியை முடிவில்லாமல் ஓட வைக்கும்.

உங்கள் கணம் எவ்வளவு பெரியது, இரண்டு ஒத்திசைவுக்கு நடுவே எத்தனை மாறும், எதிர்ப்பக்கம் தெரிந்தவரா என்பதைக் கருத்தில் எழுதினால், எந்த முறை என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.